பணம் கேட்கும் கலை

ஸ்டார்ட்அப் நிதிக்கு விண்ணப்பிப்பவர்கள் கனவை எழுதி அனுப்புகிறார்கள். தேர்வுக் குழு தேடும் சரக்கு வேறு.

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு வாங்குகிறவர் மூட்டையின் பருமனைப் பார்த்து மயங்குவதில்லை. உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். பிறகு ஒரு லிட்டர் பாத்திரத்தில் நிரப்பி எடை போடச் சொல்வார். முள் 550 கிராமில் நின்றால் நல்ல சரக்கு. 500 என்றால் விலை வேறு. அதற்கும் கீழே இறங்கினால், பொக்கும் பிஞ்சும் கலந்திருக்கிறது என்று பொருள். வெளிப்பார்வைக்கு எல்லா மிளகும் கறுப்பாக, உருண்டையாகத்தான் இருக்கிறது. லிட்டர் எடையை ஏமாற்றுவது கடினம்.

இங்கே யூதத் தெருவில், 1957-ல் தொடங்கிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கத்தின் கூடத்தில், ஒரு காலத்தில் முன்பேர வணிகம் கூச்சலும் கையசைப்புமாக நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வந்தது, கூச்சல் அடங்கியது. பழைய கிடங்குகள் பல ஓவியக் கூடங்களாகவும் காபிக் கடைகளாகவும் உருமாறின. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே அந்த மாற்றத்துக்கு வேகம் கூட்டியது. அதே 2012-ல், ஏப்ரல் மாதம், காயலுக்கு அப்பால் களமசேரியில் இன்னொரு சந்தை திறந்தது. பெயர் ஸ்டார்ட்அப் வில்லேஜ். அங்கே சரக்கு மிளகல்ல, யோசனை.

அரசும் தனியாரும் சேர்ந்து நடத்திய அந்த அமைப்புக்கு இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் தலைமை ஆலோசகர். 10 ஆண்டுகளில் 1,000 நிறுவனங்கள் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. தொழில் தொடங்கும் மாணவர்களுக்கு 20 சதவீத வருகைப் பதிவுச் சலுகையும் 4 சதவீதக் கருணை மதிப்பெண்ணும் தருவதாகக் கேரள அரசு அறிவித்தது. பிள்ளை அரசு வேலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வளைகுடாவுக்குப் போக வேண்டும் என்று பழகிப்போன வீடுகளில் இது ஒரு சின்ன பூகம்பம்.

அதன் பிறகு நாடு முழுவதும் யோசனைக்குப் பணம் தரும் ஜன்னல்கள் பெருகிவிட்டன. கேரளா ஸ்டார்ட்அப் மிஷனிடம் ஐடியா கிராண்ட் இருக்கிறது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு 'டான்சீட்' திட்டத்தைத் தொடங்கியபோது தேர்வான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ரூ. 10 லட்சம் என்றது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கென 2022-23 பட்ஜெட்டில் ரூ. 30 கோடியில் தனி நிதியே உருவானது. அது மானியமாக அல்ல, பங்கு முதலீடாகப் போகிறது. மருத்துவம், உயிரியல் சார்ந்த யோசனைகளுக்கு மத்திய அரசின் பைராக் அமைப்பு 2012 முதல் நடத்திவரும் 'பிக்' மானியம் ரூ. 50 லட்சம் வரை போகும். 2021-ல் மத்திய அரசு அறிவித்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தின் ஒதுக்கீடு மட்டும், நான்கு ஆண்டுகளுக்கு, ரூ. 945 கோடி.

பணம் இருக்கிறது. கேட்பவர்களும் வரிசையில் இருக்கிறார்கள். நடுவே நிற்பது ஒரு படிவம்.

இந்தப் படிவத்தைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை உண்டு. நல்ல ஆங்கிலம், பளபளக்கும் படங்கள், 'புரட்சி', 'சீர்குலைக்கும் தொழில்நுட்பம்' போன்ற சொற்கள், இப்போதைய வரவாக எல்லா வரியிலும் ஒரு செயற்கை நுண்ணறிவு - இவை இருந்தால் போதும் என்பது. இதை எழுதித்தரக் கட்டணம் வாங்கும் ஆலோசகர்களும் ஊருக்கு ஊர் முளைத்திருக்கிறார்கள். ஜாதகம் எழுதுவது போல, பெயரையும் தொகையையும் மாற்றினால் அடுத்தவருக்கும் பொருந்தும் விண்ணப்பங்கள். ஒரே வாரத்தில் அப்படிப்பட்ட நாற்பதைப் படிக்கும் குழு உறுப்பினருக்கு அவற்றின் வாசனை தெரியாமலா போகும்?

குழு எதைப் பார்க்கும் என்பதில் ரகசியம் ஏதுமில்லை. விதை நிதித் திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் அதைக் கேள்விகளாகவே வெளியிட்டன. இந்த யோசனை தேவைதானா? செய்து காட்ட முடியுமா? யாருக்கு என்ன பலன்? புதிதாக என்ன இருக்கிறது? இதைச் செய்ய நீங்கள் யார்? பணத்தை எதற்குச் செலவழிப்பீர்கள்? பெண் பார்க்க வந்த வீட்டில்கூட இதைவிடச் சுற்றிவளைத்துத்தான் கேட்பார்கள். ஆனாலும் வரும் விண்ணப்பங்களில் பெரும்பகுதி நான்காவது கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதிவிட்டு, முதல் கேள்வியை ஒரு வரியில் தாண்டிப் போகும் ரகம். விழுவது அங்கேதான்.

முதல் கேள்வியின் கனம் தெரிய கேரளத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. குற்றிப்புறம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்த விமல் கோவிந்த், அருண் ஜார்ஜ், நிகில், ரஷீத் என்ற நான்கு நண்பர்கள் மாணவப் பருவத்தில் செய்தது மனித உடலின் மேல் மாட்டிக்கொள்ளும் ஓர் இயந்திரக் கூடு. ஹாலிவுட் படத்தில் வருவது போல, மாட்டிக்கொண்டால் பலம் கூடும். கற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் அதை அடுத்த மாதமே வாங்கக் காத்திருப்பவர் யார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

2015 நவம்பர் 26-ம் தேதி கோழிக்கோட்டில் ஒரு பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர்கள் இருவர் விஷவாயுவில் மயங்கினார்கள். அவர்களைக் காப்பாற்றக் குதித்த ஆட்டோ டிரைவர் நௌஷாதும் மேலே வரவில்லை. மூவரும் இறந்தார்கள். கேரளம் அதிர்ந்தது. மனிதர் இறங்காமல் சாக்கடையைச் சுத்தம் செய்ய வழி உண்டா என்ற கேள்வி அரசு அலுவலகங்களுக்குள் வந்தது. கேரளா ஸ்டார்ட்அப் மிஷனின் ஆதரவும் கேரள குடிநீர் ஆணையத்தின் தேவையும் ஒன்றுசேர, நான்கு நண்பர்களின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 'பண்டிகூட்' என்ற இயந்திரத்தைச் செய்தது. பண்டிகூட் என்றால் பெருச்சாளி. ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கி, கால்களைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, கேமரா வழியே மேலே இருப்பவருக்குக் காட்டியபடி கசடை அள்ளும். 2018 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தவர்களே அதை இயக்கப் பயிற்சி பெற்றார்கள்.

இரண்டு இயந்திரங்களையும் செய்தவர்கள் அதே நான்கு பேர். திறமை கூடவில்லை, குறையவுமில்லை. மாறியது ஒன்றே ஒன்று. இரண்டாவது தடவை, பிரச்சினை யாருடையது என்று சுட்டிக்காட்ட ஓர் ஆள் இருந்தார். அவருக்கு முகவரியும் பட்ஜெட்டும் இருந்தன. 1993-க்குப் பிறகு சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறந்தவர்களின் அரசுக் கணக்கில் 200-க்கும் அதிகமானோருடன் முதலிடத்தில் இருப்பது தமிழ்நாடு. மனிதரை இதில் இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சட்டம் தடுக்கிறது, சாவு தொடர்கிறது, மாற்று வழி கையில் இல்லை என்ற நிலையில் 'தேவைதானா' என்ற கேள்விக்குப் பதில் எழுதவே வேண்டியதில்லை. சீக்கிரமே கும்பகோணம் நகராட்சிக்கும் ஒரு பண்டிகூட் வந்தது. 2022-ல் ஸோஹோ நிறுவனத்தின் தலைமையில் ரூ. 20 கோடி முதலீடு. (மாட்டிக்கொள்ளும் இயந்திரம் என்ற பழைய ஆசையும் வீண்போகவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு நடைப்பயிற்சி தரும் 'ஜி-கெய்ட்டர்' என்ற இயந்திரத்தை இதே நிறுவனம் பின்னாளில் மருத்துவமனைகளுக்குக் கொடுத்தது. இந்த முறை வாங்குகிறவர் யார் என்பது தெரிந்திருந்தது.)

தேவை என்பது கேட்பவரின் தேவை மட்டுமல்ல என்பதற்கு மட்டாஞ்சேரியின் மிளகே ஒரு கதை வைத்திருக்கிறது. உலக சரித்திரத்தின் மிகப் பிரபலமான நிதி விண்ணப்பம், இந்தக் கரையின் மிளகையும் கிழக்கின் பொன்னையும் காட்டித்தான் எழுதப்பட்டது. விண்ணப்பதாரர் கிறிஸ்டோபர் கொலம்பஸ். மேற்கே போனால் கிழக்கு வரும் என்று 1480-களில் போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் ஜோவோவிடம் கப்பல் கேட்டார். மன்னரின் நிபுணர் குழு கணக்கைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. குழு சொன்னது சரி. பூமியின் சுற்றளவைக் கொலம்பஸ் மிகக் குறைத்துப் போட்டிருந்தார். ஜப்பான் இருக்கும் தூரத்தைக் கால்வாசிக்கும் குறைவாகக் கணக்கிட்டிருந்தார். 1488-ல் பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவிட்டுத் திரும்பியதும் போர்ச்சுகலுக்கு மேற்கு வழியே தேவையற்றதாகிவிட்டது. அந்த வழியில்தான் 1500-ல் அவர்கள் கொச்சிக்கே வந்து சேர்ந்தார்கள்.

ஸ்பெயினின் குழுவும் கொலம்பஸின் கணக்கை நிராகரிக்கவே செய்தது. ஆனால் ஸ்பெயினின் நிலைமை வேறு. ஆப்பிரிக்க வழி போட்டியாளன் கையில். வேறு வழி இருந்தாக வேண்டும். தவிர, கேட்ட தொகை ஓர் அரசுக்குப் பெரிதல்ல. மொத்தச் செலவு சுமார் 20 லட்சம் மராவெடி. அதில் பெரும்பகுதியை அரசவை நிதி அதிகாரி லூயிஸ் த சான்டாங்கெல் புரட்டிக் கொடுத்தார். ராணி நகையை அடகு வைத்த கதை கட்டுக்கதை. 1492 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கணக்குத் தப்பான விண்ணப்பம், கொடுப்பவரின் தேவை சரியாகப் பொருந்தியதால் தேறியது.

இதைப் படித்துவிட்டுத் தப்புக் கணக்கோடு யாரும் களமசேரிக்குக் கிளம்ப வேண்டாம். கொலம்பஸுக்கு நடுவே ஒரு கண்டம் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்காது. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு விஷயம்: ஒரே யோசனையை ஒரு கதவு மூடும், இன்னொரு கதவு திறக்கும். கதவுக்குப் பின்னால் இருப்பவர் என்ன தேடுகிறார் என்று விசாரிக்காமல் ஒரே கடிதத்தைப் பத்து இடத்துக்கு அனுப்புவதைப் போல வீண் வேலை இல்லை. பைராக் கேட்பது அறிவியல். பங்கு முதலீடு செய்யும் நிதி கேட்பது வளர்ச்சி. மாநில அரசின் மானியம் கேட்பது, பெரும்பாலும், உள்ளூரில் ஒரு பலன்.

இனி கணக்குக்கு வருவோம். மட்டாஞ்சேரிக்கு அருகிலேயே, ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் டோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்து உடுப்பு வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் சமூகத்தினரின் வாரிசுகள் இன்றும் அங்கே துணி துவைக்கிறார்கள். இப்போதைய கூடம் 1976-ல் கட்டப்பட்டது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, இடுக்கில் துணியைச் செருகிக் காய வைப்பார்கள். கிளிப் கிடையாது, காற்றுக்கும் பறக்காது. ஜூன் மாதம் மழை இறங்கிவிட்டால்தான் பாடு.

இந்த டோபி கானாவை வைத்து இரண்டு பேர் விதை நிதி கேட்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

முதல் விண்ணப்பம் இந்தியச் சலவைச் சந்தையின் மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி என்று ஆரம்பிக்கிறது. அதில் ஒரு சதவீதத்தைப் பிடித்தாலே ஐந்தாம் ஆண்டில் இவ்வளவு என்கிறது. செயலி, செயற்கை நுண்ணறிவு, முப்பது நகரங்கள். போட்டியாளர் யாரும் இல்லை என்று ஒரு வரி. அந்த ஒரு சதவீதம் எப்படி வரும் என்பதற்கு மட்டும் வரி இல்லை.

இரண்டாவது விண்ணப்பம் இப்படி: 'மழைக்காலத்தில் இங்கே ஒரு சுமை துணி காய மூன்று நாள் ஆகிறது. 20 கிலோ துணியை நான்கு மணி நேரத்தில் உலர்த்தும் பெட்டி ஒன்றைத் தகரத்தில் செய்து ஒரு ஜூலை முழுக்க ஓட்டிப் பார்த்தோம். ஒரு நடைக்கு மின்சாரம் ரூ. 90. ஆறு பேரிடம் பேசினோம். நான்கு பேர் கிலோவுக்கு ரூ. 8 தரச் சம்மதித்தார்கள். இரண்டு பேர் மறுத்தார்கள். வெயில் அடிக்கும் எட்டு மாதம் பெட்டி சும்மா கிடக்குமே என்றார்கள். அந்த மாதங்களில் சுற்றுலா விடுதிகளின் அவசரத் துணிக்கு விட முடியுமா என்று பார்க்கிறோம். இன்னும் விடை தெரியவில்லை.'

எண்கள் உதாரணத்துக்குப் போட்டவைதான். ஆனால் எந்த விண்ணப்பத்தைக் குழு இரண்டாவது தடவை எடுத்துப் படிக்கும் என்பதில் சந்தேகம் இருக்க முடியாது. 20 கிலோவுக்கு ரூ. 160 வரவு, ரூ. 90 செலவு. மீதி ரூ. 70-ல் பெட்டியின் விலை எப்போது திரும்பும் என்று குழுவே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தப்பாக இருந்தால் எங்கே தப்பு என்று காட்டலாம். முதல் விண்ணப்பத்தில் தப்பு கண்டுபிடிக்கக்கூட ஒன்றும் இல்லை. மறுத்த இரண்டு பேரை மறைக்காமல் எழுதியதுதான் இரண்டாவது விண்ணப்பத்தின் பெரிய பலம். விண்ணப்பதாரர்கள் பலர் இதை உணர்வதில்லை. குறையைச் சொன்னால் பணம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். சாதகமான பதில் மட்டும் வந்த விசாரணையை யாரும் நம்புவதில்லை. சொந்தக்காரர்களிடம் மட்டும் கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

'போட்டியாளர் இல்லை' என்ற வரிக்கு ஒரு தனி வார்த்தை. இல்லாமல் இருக்காது. உலர்த்தும் பெட்டிக்குப் போட்டி இன்னொரு பெட்டி அல்ல, மின்விசிறிக்குக் கீழே கட்டிய கொடி. மக்கள் இப்போது எதைக்கொண்டு சமாளிக்கிறார்களோ அதுதான் போட்டி. அதை எழுதத் தெரிந்தவருக்கு வாடிக்கையாளரைத் தெரிந்திருக்கிறது.

அடுத்து, நீங்கள் யார்? இந்த இடத்தில் பட்டங்களையும் பரிசுக் கோப்பைகளையும் வரிசையாக அடுக்குவது வழக்கம். கேள்வி அதுவல்ல. இந்த வேலையை மற்றவர்களைவிட உங்களால் ஏன் செய்ய முடியும் என்பதே கேள்வி. களமசேரியில் 2016-ல் தொடங்கிய மேக்கர் வில்லேஜில் உருவான ஐரோவ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். ஐஐடியில் படித்த ஜான்ஸ் டி. மத்தாயும் கண்ணப்ப பழனியப்பனும் தண்ணீருக்குள் போய்ப் படம் எடுக்கும் 'ட்யூனா' என்ற ஆளில்லாக் கருவியைச் செய்தார்கள். கப்பலின் அடிப்பகுதி, பாலத்தின் தூண், அணையின் சுவர் - முக்குளிப்பவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பார்த்துவந்த இடங்கள். 2018-ல் முதல் கருவி போனது கொச்சியிலேயே இருக்கும் ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் கடற்படை ஆய்வுக்கூடத்துக்கு. துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடற்படை எல்லாம் ஆட்டோவில் போகும் தூரத்தில் இருக்கும் ஊரில், தண்ணீருக்குள் பார்க்கும் கருவி. ஆளும் ஊரும் சரக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தின. இதே யோசனை ராஜஸ்தானின் பாலைவனத்திலிருந்து வந்திருந்தால் குழு சற்று யோசித்திருக்கும்.

சில சமயம் ஆள் யோசனையையே தூக்கி நிறுத்திவிடுவதும் உண்டு. 2005-ல் அமெரிக்காவில் பால் கிரகாமும் நண்பர்களும் தொடங்கிய ஒய் காம்பினேட்டர்தான் இன்றைய விண்ணப்பப் படிவங்களுக்கெல்லாம் மூதாதை. 2022 முதல் தேர்வான நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலர் முதலீடு செய்கிறது. நேர்காணல் பத்தே நிமிடம். 2009-ல் அதற்குள் நுழைந்த ஏர்பிஎன்பி நிறுவனர்களின் யோசனை, அந்நியரை வீட்டில் தங்க வைப்பது, கிரகாமுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 2008 அமெரிக்கத் தேர்தலின்போது ஒபாமா, மெக்கெய்ன் பெயரில் காலை உணவு டப்பாக்களை அச்சடித்து, டப்பா 40 டாலருக்கு விற்று, சுமார் 30,000 டாலர் திரட்டிக் கடையை மூடாமல் வைத்திருந்தார்கள் என்று தெரிந்ததும் மனம் மாறினார். அவலை இப்படி விற்கத் தெரிந்தவர்கள் அறையையும் விற்றுவிடுவார்கள் என்று முடிவு. இதுவரை என்ன செய்தீர்கள் என்ற கட்டத்தில் எழுத வேண்டியது இந்த ரகச் சமாசாரம். மாநாட்டில் கலந்துகொண்டது அல்ல.

பணத்தை எதற்குச் செலவழிப்பீர்கள் என்ற பகுதியைப் பலர் கடைசி நாள் இரவில் நிரப்புகிறார்கள் போலும். எல்லாத் தொகையும் முழு லட்சத்தில் இருக்கும். கூட்டினால், என்ன ஆச்சரியம், திட்டத்தின் உச்சவரம்பு அப்படியே வரும். ரூ. 20 லட்சம் தருகிறார்கள் என்றால் தேவையும் சரியாக ரூ. 20 லட்சம். விதை நிதித் திட்டத்தில் மானியம் தவணையாக, ஒவ்வொரு கட்டத்தை முடித்துக் காட்டிய பிறகு வருவது. கட்டடம், வசதிகள் அமைக்க அதைத் தொடக்கூடாது என்று நெறிமுறையே சொன்னது. இருந்தும் அலுவலக அலங்காரமும் விளம்பரமும் பாதிப் பணத்தைத் தின்னும் பட்டியலோடு வந்தால் என்ன அர்த்தம்? நெறிமுறையைப் படிக்கவில்லை என்று அர்த்தம். டோபி கானா பெட்டிக்காரர் ரூ. 6 லட்சம் 40 ஆயிரம் கேட்டு, அதில் கம்ப்ரசருக்கு இவ்வளவு, தகர வேலைக்கு இவ்வளவு, மூன்று மாத மின்கட்டணம் இவ்வளவு, இரண்டு பேர் சம்பளம் இவ்வளவு என்று எழுதினால், அந்த 40 ஆயிரமே அவர் கடைக்குப் போய் விலை விசாரித்தார் என்பதற்குச் சாட்சி.

தகுதி விதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது, மற்ற அரசுத் திட்டங்களில் ஏற்கெனவே ரூ. 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கக்கூடாது, இந்தியர் பங்கு 51 சதவீதம் வேண்டும் என்று விதை நிதித் திட்டம் விதித்தது. இதில் தவறியவரின் யோசனையை யாரும் படிப்பதே இல்லை. அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது கேட்பவர்களின் குறை. கொடுப்பவர்கள் மட்டும் ஒழுங்கா?

தேவைதானா என்று முதல் கேள்வி கேட்கும் அமைப்புகள், தேவையை மிக நன்றாக அறிந்தவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. ஈரத் துணியின் கஷ்டம் தெரிந்தவர் டோபி கானாவில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர். சாக்கடையின் ஆழம் தெரிந்தவர் அதில் இறங்கியவர். இருபது ஸ்லைடும் ஆங்கிலமும் வேண்டும் என்றால் அவர் வரமாட்டார். அவர் பிரச்சினையைக் கேள்விப்பட்ட பொறியியல் பட்டதாரிதான் வருவார். அப்படி வந்தவர்கள் நல்ல காரியம் செய்ததும் உண்டு, பண்டிகூட்டே சாட்சி. ஆனால் கேள்விப்படாமல் போன பிரச்சினைகள் எத்தனை? தாய்மொழியில் ஐந்து நிமிடம் பேசி, செய்துவைத்த பொருளை இயக்கிக் காட்டச் சொன்னால் ஒரு மதியத்தில் தெரிந்துவிடும். மிளகு வியாபாரி அப்படித்தான் ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறார். மூட்டையைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொண்டுவரச் சொல்வதில்லை.

இன்னொரு நோயும் பரவுகிறது. மானியத்துக்குப் பின் மானியம் என்று வாங்கியே காலம் தள்ளும் நிறுவனங்கள். விருது மேடை தவறாது. வாடிக்கையாளர் மட்டும் இருக்கமாட்டார். இவர்களின் விண்ணப்பம் எப்போதும் சுத்தமாக இருக்கும். பழக்கம்தான். முந்தைய மானியத்தில் செய்த பொருளை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள், அவர்களின் போன் நம்பர் என்ன என்று ஒரே ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்தால் வரிசை பாதியாகிவிடும். பொதுப் பணம் மிச்சமாகும். அதைவிட முக்கியமாக, இருபத்துநான்கு வயதுப் பையனும் பெண்ணும் தங்கள் யோசனை ஓடாது என்பதைத் தெரிந்துகொள்ள நான்கு ஆண்டுகளைச் செலவழிக்க வேண்டியிராது.

நிராகரித்தால் ஏன் என்று சொல்வதும் கொடுப்பவரின் கடமை. விண்ணப்பம் வந்த 45 நாட்களுக்குள் முடிவு என்று விதை நிதித் திட்டம் கெடு வைத்தது. ஒரே விண்ணப்பத்தை மூன்று இன்குபேட்டர்களுக்கு, விருப்ப வரிசை போட்டு அனுப்பவும் வழி செய்தது. நல்ல ஏற்பாடு. முதல் இடத்தில் 'யாருக்கு வேண்டும் என்பது தெளிவாக இல்லை' என்று பதில் வந்தால், ஸ்லைடின் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்காமல் இன்னும் பத்துப் பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறவருக்கு அடுத்த தடவை வாய்ப்பு அதிகம்.

ஏர்பிஎன்பி நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கி 2015-ல் ஒரு பழைய கட்டை அவிழ்த்துக் காட்டினார். 2008-ல் நிறுவனத்தின் 10 சதவீதத்தை 1,50,000 டாலருக்குத் தருவதாக ஏழு முதலீட்டாளர்களிடம் கேட்டிருந்தார்கள். ஐந்து பேர் முடியாது என்று எழுதினார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை.